சின்னச் சிரட்டைக் கருப்பட்டி

பெங்களூரில் என்ன வேலை என்று ஊரில் யார் கேட்டாலும் ‘கூல்டிரிங்ஸ் கம்பெனி’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் சொன்னேன். ஒரு தடவைகூட நாக்கு தடுமாறியதில்லை என்பதை நினைத்தால் இப்போது கூச்சமாக இருக்கிறது.

நான் வேலை பார்ப்பது பியர் காய்ச்சும் இடத்தில். பெரிய ஆலை ஒன்றும் இல்லை. ஒரு உணவகம், அதன் பின்பக்கம் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் புறம் ஆள் உயரத்துக்கு ஆறு எஃகுத் தொட்டிகள், அவ்வளவுதான். அங்கேயே காய்ச்சி, அங்கேயே புளிக்கவைத்து, அங்கேயே குவளையில் ஊற்றிக் கொடுப்போம். நான் சேர்ந்தபோது எங்கள் சாலையில் இப்படிப்பட்ட கடை எங்களுடையது ஒன்றுதான். இப்போது எதிரில் ஒன்று, முக்கில் இரண்டு. ஆரம்பத்தில் எல்லாரும் ஜெர்மன்காரர்கள் செய்வதுபோல கோதுமை பியர்தான் போட்டார்கள். பிறகு மாம்பழம், கேழ்வரகு, பலாச்சுளை, காப்பிக்கொட்டை என்று ஆளுக்கொரு பக்கம் இறங்கினார்கள். உட்காருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, உங்களிடம் மட்டும் கிடைப்பது எது என்றுதான்.

எங்கள் ஊர் ராதாபுரம் பக்கம். அப்பா பனை ஏறுகிறார், அம்மா பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி போடுகிறாள். இரண்டு பேரும் பள்ளிக்கூடம் போனதில்லை. நான் பாளையங்கோட்டைக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படித்தேன். விண்ணப்பத்தில் அந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு, அதில் இடம் காலியாக இருந்தது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை. இரண்டாம் வருஷம் ஒரு நாள் வகுப்பில் ஈஸ்ட் பற்றி நடத்தினார்கள். கண்ணுக்குத் தெரியாத உயிர், சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் வாயுவையும் விடும் என்றார்கள். மற்ற பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சுண்ணாம்பு ஞாபகம் வந்தது.

பனம்பாளையில் கட்டுகிற கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவித்தான் அப்பா மரத்துக்கு மரம் கொண்டுபோவார். தடவினால் காலையில் இறக்குவது பதநீர். தடவ மறந்தால் அது கள். கள் இறக்க எங்களுக்கு அனுமதி இல்லை, அதைக் காய்ச்சினால் கருப்பட்டியாக உறையவும் செய்யாது. அதனால் சுண்ணாம்பு இருக்கிறதா என்பதுதான் எங்கள் வீட்டில் விடிந்ததும் பேசுகிற முதல் பேச்சு. பெயர்கூடத் தெரியாத ஒன்றோடு என் அப்பாவும் அம்மாவும் ஆயுசு முழுக்க மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள் என்பது அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. பிறகு நானே அதற்குத் தீனி போட்டு வளர்க்கிற வேலைக்குப் போய்விட்டேன்.

இதை வீட்டில் சொல்ல முடியாததற்குக் காரணம் என் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. என்னை முதல் நாள் பள்ளிக்கூடத்துக்குத் தோளில் தூக்கிப்போனது அவர்தான். நான் எட்டாவது படிக்கும்போது குடித்துக் குடித்தே செத்துப்போனார். கடைசி ஒரு மாதம் அம்மாதான் ஆஸ்பத்திரியில் பக்கத்தில் இருந்தாள். அதற்கப்புறம் குடியைப் பற்றி அவள் கத்தியதுமில்லை, புலம்பியதுமில்லை. யாராவது குடித்துவிட்டு எதிரே வந்தால் பாதையைவிட்டு இறங்கி நின்றுகொள்வாள். அதைப் பார்த்து வளர்ந்தவன் பியர் காய்ச்சுகிறேன் என்று எப்படிச் சொல்வது?

இந்தக் கோடையில் எங்கள் தலைமை புரூவர், அதாவது பியர் காய்ச்சுவதற்கு மொத்தப் பொறுப்பானவர், என்னைக் கூப்பிட்டார். மங்களூர்க்காரம்மா, கண்டிப்பானவர். தொட்டியைக் கழுவுவதில் என்னைவிட ஒழுங்கான ஆளைப் பார்த்ததில்லை என்று அதற்கு முன்பே ஒரு தடவை சொல்லியிருந்தார். உன் ஊரிலிருந்து எதையாவது வைத்து ஒரு பியர் யோசி, முழுப்பொறுப்பும் உனக்கு, நன்றாக வந்தால் உதவியாளர் என்பதிலிருந்து உன்னைப் புரூவராக நிரந்தரம் பண்ணிவிடுகிறேன் என்றார். நான் யோசிக்கவே இல்லை, கருப்பட்டி என்றேன். பக்கத்துக் கடையில் வாங்கிய கருப்பட்டியைப் போட்டு ஒரு சின்னக் குடுவையில் செய்து காட்டினேன். ஒரு மடக்கு குடித்துவிட்டு, இன்னொரு மடக்கும் எடுத்தார். பிறகு, அறுபது கிலோ வேண்டும், கடைச் சரக்கு வேண்டாம், உன் வீட்டுச் சரக்கே வரட்டும் என்றார்.

அம்மாவுக்குப் போன் பண்ணி, எங்கள் கம்பெனிக்குக் கருப்பட்டி வேண்டும் என்று சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மகனுடைய கம்பெனிக்கு என்று பக்கத்து விடிலிகளுக்கெல்லாம் கேட்கிற மாதிரி அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னாள். விடிலி என்பது பனங்காட்டுக்குள் நாங்கள் பதநீர் காய்ச்சும் ஓலைக் குடிசை. பத்து நாள் கழித்து அவளே திரும்பக் கூப்பிட்டாள். கருப்பட்டியை வைத்து அங்கே என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டாள். நான் அதற்குத் தயாராக இல்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு ஒரு பானம் போடுகிறோம் என்றேன். வழியில் ஈரம் பட்டுப் புளித்துவிட்டால் என்ன செய்வீர்கள் என்றாள். பொய்க்கு முட்டுக்கொடுக்கிற அவசரத்தில், “புளிக்கவே கூடாதும்மா, சின்னப் பிள்ளைக குடிக்கது” என்று அழுத்திச் சொன்னேன். சரி, நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

அறுபது கிலோவும் பஸ் பார்சலில் ஓலைப்பெட்டிகளில் வந்து இறங்கியது. மேலாக இருந்த பெட்டியைப் பிரித்து, பெரிய காய்ச்சலுக்கு முன்னால் இருபது லிட்டரில் ஒரு வெள்ளோட்டம் பார்த்தேன். கரைத்து ருசி பார்த்தபோது நாக்கில் லேசாக ஒரு காரல் தட்டியது. எங்கள் வீட்டுக் கருப்பட்டியில் குறை இருக்கும் என்று என் மனசு ஒப்பவில்லை. பார்லிச் சாற்றில் கலந்து, ஆறவைத்து, ஈஸ்ட்டைப் போட்டு மூடினேன்.

மறுநாள் ஒரு குமிழி இல்லை. அடுத்த நாளும் இல்லை. மூடியில் இருக்கும் குழாய் வழியாக வாயு ‘பொளக் பொளக்’ என்று வெளியேற வேண்டும். அது ஊமை மாதிரி நின்றது. அளந்து பார்த்தால் காரத்தன்மை எங்கேயோ ஏறிப்போயிருந்தது. சுண்ணாம்பு. அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அறுபது கிலோவும் அப்படியா, இந்தப் பெட்டி மட்டுமா என்பது தெரியவில்லை. பெட்டிக்குப் பெட்டி எடுத்துச் சோதிக்கலாம் என்றால், ஒவ்வொரு பெட்டியிலும் பல நாள் காய்ச்சியது கலந்து கிடந்தது. தலைமை புரூவர் சத்தம் போடவில்லை. செவ்வாய்க்கிழமை பெரிய தொட்டி உனக்காகக் காலியாக இருக்கும், அன்றைக்கு உன்னிடம் நம்பிக்கையான சரக்கு இல்லை என்றால் அதில் மாம்பழம் போட்டுவிடுவேன், உன் பேச்சை அடுத்த வருஷம் பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்.

அம்மாவுக்குப் போன் பண்ணி, எவ்வளவு சுண்ணாம்பும்மா போட்டே என்று கேட்டேன்.  அவள் தாழ்ந்த குரலில், “ஏன்ல, யாருக்கும் என்னமும் ஆயிட்டா?” என்றாள். ஒன்றும் இல்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். அவள் குரல் அப்படிக் கம்மிப்போய் நான் கேட்டதே இல்லை. அன்று மாலையே ரயில் ஏறினேன். புளிக்காத அந்தச் சாற்றில் ஒரு பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். எதற்கு எடுத்தேன் என்று கேட்டால் சரியாகச் சொல்லத் தெரியாது. டாக்டரிடம் போகிறவன் எதையாவது கையில் கொண்டுபோவான் இல்லையா, அப்படித்தான்.

காலையில் ஜங்ஷனில் இறங்கி, டவுன் பஸ்ஸில் ஆற்றைத் தாண்டி, புதிய பஸ் நிலையத்தில் ராதாபுரம் பஸ் பிடித்தேன். ஆற்றுப் பக்கத்தில் வயல் பச்சை கண்ணை விட்டு மறையவே கொஞ்ச நேரம் ஆகும். அப்புறம் மண் சிவந்து, பனை மட்டும்தான். வழி முழுக்க என்ன சொல்வது என்று பார்த்துக்கொண்டே வந்தேன். கம்பெனியில் பரிசோதனை என்று சொல்லலாம். மேனேஜர் கேட்டார் என்று சொல்லலாம். ராதாபுரம் வருவதற்குள் மூன்று பொய் தயாராகிவிட்டது. மூன்றும் நன்றாகவே இருந்தன.

விடிலியில் அம்மா சட்டியில் துழாவிக்கொண்டிருந்தாள். அப்பா காலைப் பனைகளை முடித்துவிட்டு, ஓலை நிழலில் அருவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிற்கிற என்னைப் பார்த்ததும் அம்மாவின் துடுப்பு நின்றுவிட்டது. “எய்யா” என்றாள்.  முகம் காய்ந்து, கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது.

அப்பாதான் பையை வாங்கினார். துண்டுக்குள் பாட்டில் தட்டுப்பட்டது. என்னலே இது என்றார். நீங்கள் அனுப்பின கருப்பட்டியில் போட்டதுதான் என்றேன். உன் கையை நம்பி அனுப்பினதை எப்படி ஆக்கியிருக்கிறாய் பார்ப்போம் என்று மூடியைத் திறந்து, உள்ளங்கையில் ஊற்றி உறிஞ்சினார். சப்புக்கொட்டினார். இன்னொரு கை ஊற்றினார். நாலு நாள் ஆனது என்று சொன்னதும் அவர் முகத்தில் தொழில் தெரிந்தவனுடைய பெருமை ஏறியது.

“நாலு நாளா? லேசாக்கூட புளிக்கலியேலே. கொஞ்சங்கூட கெட்டுப்போகல.”

“அதாம்ப்பா கஷ்டம்” என்றேன். “அது கெட்டுப்போகணும்.”

மூன்று பொய்யும் பையிலேயே இருக்க, இது எப்படி வாயிலிருந்து வந்தது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. அவர் அவ்வளவு பெருமையாகச் சொன்னதும் பொறுக்கமுடியாமல் வந்துவிட்டது. அப்பா கையை வேட்டியில் துடைத்தபடி என்னையே பார்த்தார். அம்மா துடுப்பைச் சட்டியிலேயே விட்டுவிட்டு வெளியே வந்தாள். பதநீர் பொங்கும் நேரத்தில் அவள் சட்டியைவிட்டு நகர்ந்து நான் பார்த்ததில்லை.

“பிள்ளைக குடிக்கதுன்னு சொன்னியேலே?”

“இல்லம்மா. பிள்ளைகளுக்கு இல்ல. நான் பியர் காய்ச்சுத எடத்துல வேல பாக்கேன். ரெண்டு வருஷமா அங்கனதான் இருக்கேன்.”

அறைவாள் என்று நினைத்தேன். அழுவாள் என்றும் நினைத்தேன். அவள் அப்படியே மண்ணில் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்போ ஒரு பிள்ளையும் அதைக் குடிக்கலையே?”

“ஒரு பிள்ளையும் குடிக்கல.”

“சத்தியமா?”

“சத்தியமாம்மா.”

அவள் விட்ட மூச்சு எனக்குக் கேட்டது. அதற்குப் பிறகுதான் அப்பா விஷயத்தைச் சொன்னார். புளிக்கவே கூடாது என்று நான் போனில் சொன்ன மறுநாளிலிருந்து, கலயத்தில் இரண்டு பங்கு சுண்ணாம்பு தடவச் சொல்லியிருக்கிறாள். அது போதாது என்று தெளியவைக்கும்போதும் கொஞ்சம் சேர்த்திருக்கிறாள். அனுப்பிவிட்ட பிறகு, மிச்சம் கிடந்த ஒரு துண்டை வாயில் போட்டுப் பார்த்திருக்கிறாள். காரல் அடித்திருக்கிறது. அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. பச்சைப்பிள்ளைகள் நாக்கு பொத்துப்போகுமே, வயிறு வெந்துபோகுமே, ஏதாவது ஒரு பள்ளிக்கூடத்தில் ஒரு பிள்ளைக்கு ஆகாமல் போய் மகனைப் பிடித்துக்கொண்டு போவார்களே என்று தினமும் இதே பேச்சாம். எனக்குப் போன் பண்ணி ஒத்துக்கொள்ள அவளுக்கும் துணிச்சல் வரவில்லை. அந்த நேரத்தில்தான் நான் கூப்பிட்டு எவ்வளவு சுண்ணாம்பு என்று கேட்டிருக்கிறேன்.

“நேத்து ராத்திரி இவ எனக்குச் சோறே பொங்கல வே” என்று அப்பா முடித்தார். கோபம் வந்தாலும் கேலி வந்தாலும் என்னை ‘வே’ போட்டுப் பேசுவார். அது எது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

சட்டி பொங்கி வழிகிற வாடை வந்தது. நான் ஓடிப்போய்த் துடுப்பை எடுத்துத் துழாவினேன். அம்மா பைய எழுந்து வந்து என் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள்.  பிறகு பாகைப் பார்த்தபடியே கேட்டாள்.

“ஒன் மாமன் குடிச்சதும் இதும் ஒண்ணுதானா?”

ஒன்றில்லை என்று சொல்ல எனக்கு ஆயிரம் இருந்தது. இதில் எவ்வளவு குறைச்சல், எவ்வளவு சுத்தம், வருகிறவர்கள் குடும்பத்தோடு வந்து உட்கார்ந்து ஒரு குவளையோடு எழுந்து போகிறார்கள் என்றெல்லாம் பெங்களூரில் நான் பார்க்கிறவர்களிடம் சொல்வதுண்டு. ஒரு குவளையோடு எழாதவர்களையும் நான்தான் பார்க்கிறேன்.

“இதும் குடிதாம்மா” என்றேன். “அந்த அளவுக்கு வேகம் கிடையாது. ஆனா குடிதான்.”

“நீ குடிக்கியா?”

“ருசி பாக்கணும். ஒரு மடக்கு. அது வேலையோட சேர்ந்தது. அதுக்கு மேல இல்ல.”

 பாகு பதம் வந்துவிட்டது, அதனால் இரண்டு பேருக்கும் வேலை வந்தது. வரிசையாக வைத்திருந்த தேங்காய்ச் சிரட்டைகளில் அவள் ஊற்ற ஊற்ற நான் நகர்த்தி வைத்தேன். ஊற்றிக்கொண்டே சொன்னாள். சாமி வந்து சொன்னாலும் குடி எனக்குப் பிடிக்காது, உன் வேலையை நான் நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லமாட்டேன், ஆனால் பொய்யும் சொல்லமாட்டேன் என்றாள். அப்புறம் சிரட்டையை வைத்துவிட்டு நிமிர்ந்து, அன்றைக்கு முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“என்ன தொழில்னாலும் செய்யி. பிள்ளைகளுக்குன்னு மட்டும் இனிமே சொல்லாத. நான் ஒறங்கி எத்தன நாளாச்சு தெரியுமா.”

நான் சரி என்றேன். 

கேட்க வந்த கேள்வியே எனக்கு மறந்துபோயிருந்தது. அவள்தான், சுண்ணாம்பு கூடினால் உனக்கு அது கெட்டுப்போகாதோ என்றாள். ஆமாம் என்றேன். அனுப்பினது எல்லாமே கூடினதா என்று கேட்டேன். இல்லை, நீ அந்தப் பேச்சுப் பேசுவதற்கு முந்திப் போட்டதெல்லாம் வழக்கமான அளவுதான் என்றாள். எது முந்தினது என்று எப்படிப் பிரிப்பது? அவள் என்னை, இதுகூடவா தெரியாது என்கிற மாதிரிப் பார்த்தாள். முதல் பத்து நாள் ஊற்றிய பெரிய சிரட்டைகள் வெடித்துக் கழிந்துவிட்டன. அதற்கப்புறம் பக்கத்து விடிலியிலிருந்து வாங்கிவந்தது எல்லாம் சின்னச் சிரட்டை. பெரிசாக இருப்பது நல்லது, சின்னதாக இருப்பது சுண்ணாம்பு கூடினது. நான் வெள்ளோட்டத்துக்கு உடைத்தது அத்தனையும் சின்னது.

நிரந்தரம் ஆகுமா ஆகாதா என்று நான் ராப்பகலாக நோண்டிக்கொண்டிருந்ததற்குப் பதில் சிரட்டை அளவில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார். பட்டணத்தில் இதற்கு ஒரு மிஷின் வைத்திருப்பீர்களே என்றார். வைத்திருக்கிறோம், அது சுண்ணாம்பு இருக்கிறது என்று சொல்லும், அம்மா எந்தச் சிரட்டை வாங்கினாள் என்று சொல்லாது என்றேன். “படிச்சவன் பேச்சு” என்று அம்மா முனகினாள். ஆனால் அவள் வாயோரமும் கொஞ்சம் இளகியிருந்தது. மத்தியானம் மூன்று பேரும் விடிலியிலேயே சாப்பிட்டோம். அம்மா இரண்டு தரம் சோறு போட்டுக்கொண்டாள். சாப்பிட்ட கையோடு, ஓலைப்பாயில் சாய்ந்தவள் எங்கள் பேச்சுக்கு நடுவிலேயே உறங்கிப்போனாள். அப்பா சத்தம் வராமல் அருவாளை எடுத்துக்கொண்டு சாயங்கால மரங்களுக்குப் போனார். நான் சாயங்காலம்வரை அங்கேயே இருந்து ஈ ஓட்டினேன்.

திங்கட்கிழமை காலை பெங்களூரில் எல்லாப் பெட்டிகளையும் தரையில் கவிழ்த்தேன். பெரியதையும் சின்னதையும் தனித்தனியாகப் பிரித்தேன். பெரியது பாதிக்குக் கொஞ்சம் கூடவே இருந்தது. தலைமை புரூவர் வந்து, என்ன செய்கிறாய் என்று கேட்டார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன், என் பொய்யையும் சேர்த்து. அவர் பெரியதில் ஒன்று, சின்னதில் ஒன்று எடுத்துக் கரைத்து அளந்து பார்த்தார். அம்மா சொன்னது சரியாக இருந்தது. கருப்பட்டியைக் குறைத்துப் போடு, செவ்வாய்க்கிழமை காய்ச்சு, மிச்சத்தை ஒரு ராத்திரி கரைத்துத் தெளியவைத்து அடுத்ததுக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார். போகிற போக்கில் திரும்பி, உன் அம்மா என்னைவிடக் கண்டிப்பு போலிருக்கிறது என்றார்.

செவ்வாய் காய்ச்சி, ஆறவைத்து, ஈஸ்ட்டைப் போட்டு மூடினேன். புதன்கிழமை காலை கதவைத் திறக்கும்போதே சத்தம் கேட்டது. பொளக் பொளக் என்று குழாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. எத்தனையோ தொட்டிகளில் கேட்ட சத்தம்தான். தரையில் கவிழ்த்திருந்த வாளிமேல் உட்கார்ந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து அது குவளைக்கு வந்தபோது என்னை நிரந்தரமாக்கிய உத்தரவுக் கடிதமும் வந்தது. என் நினைவில் அந்த நாளைவிடப் புதன்கிழமை காலைதான் பெரியது.

வாளியில் உட்கார்ந்தபடியே அம்மாவைக் கூப்பிட்டேன். சரியாகிவிட்டதா என்றாள். போனைக் குழாய் பக்கத்தில் பிடித்தேன். அவளுக்கு அது என்ன சத்தம் என்று நான் சொல்லித்தர வேண்டியதில்லை. சுண்ணாம்பு தடவ மறந்த கலயம் வெயிலில் இருந்தால் இப்படித்தான் பேசும். ரொம்ப நேரம் கேட்டாள்.

“இங்கன இந்தச் சத்தம் கேட்டா ஒங்கப்பா மண்ணுல கொட்டிருவாவ” என்றாள். பிறகு, “நல்லா இருக்கட்டும். நீ சாப்பிட்டியா?” என்று கேட்டாள்.

இன்னும் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். போய்ச் சாப்பிடு, அது எங்கேயும் ஓடிப்போகாது என்று சொல்லி வைத்தாள்.